நிபந்தனையில் இல்லாத கேள்வி

உலகத் திருச்சபைகள் மன்றத்தில் ஒரு சபை சேர மூவொரு கடவுளை ஏற்க வேண்டும், பொதுவாக 50,000 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். சாதி அந்த நிபந்தனைகளில் இல்லை.

1982இல் ஒட்டாவாவில் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு கூடியது. தொடக்க ஆராதனையில் தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பிரதிநிதிகள் திருவிருந்தை எடுக்க மறுத்தார்கள். ஊரில் வெள்ளையர் சபைகள் தங்களோடு பந்தியில் அமராதபோது, இங்கே மட்டும் எப்படி? கூட்டமைப்பு அந்த இரு வெள்ளையர் சபைகளையும் இடைநீக்கியது. நிறவெறியை இறையியலால் நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்றது. திரும்பிவர விதித்த முதல் நிபந்தனையே, கறுப்பினத்தவரைத் திருவிருந்திலிருந்து விலக்கக் கூடாது என்பதுதான்.

நம்மூரில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபைகளும் இப்படிப்பட்ட மன்றங்களில் கௌரவமாக உட்கார்ந்திருக்கின்றன. சபைத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முதலில் கல்லறைச் சுவரைப் பற்றிக் கேளுங்கள்.