களையும் பயிரும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் இதே வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் பற்றிப் பேசினேன். கொடியவரை வேந்தன் ஒறுப்பது பயிருக்குக் களையெடுப்பதோடு ஒக்கும் என்னும் பத்தாவது குறளை முன்வைத்து, தூக்குத் தண்டனை நீடிக்க வேண்டும் என்று வாதிட்டேன். பரிமேலழகர் அக்குறளில் ‘கொலை’ என்ற சொல்லைத் தண்டனையோடு சேர்த்தே பொருள் கொள்கிறார். அவர் துணையிருக்க எனக்கென்ன குறை என்றிருந்தேன். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது மூத்த அன்பர் ஒருவர், “முதற்குறளில் ஆராய்ந்து செய்க என்கிறாரே, அதைத் தாண்டித்தானே ஐயா பத்தாவதற்குப் போகவேண்டும்?” என்றார். அன்று விடை சொல்லாமல் வந்துவிட்டேன். இன்று சொல்ல முயல்கிறேன்.

இலண்டனில் நாட்டிங்ஹில் பகுதியில் ரில்லிங்டன் பிளேஸ் என்றொரு சிறு தெரு இருந்தது. அதன் பத்தாம் எண் வீட்டின் மேல்மாடியில் திமொதி எவன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தான். வண்டியோட்டிப் பிழைப்பவன்; எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவன். 1949 டிசம்பரில் அவன் மனைவியின் உடலும் மகளின் உடலும் அவ்வீட்டின் பின்புறத்துச் சலவையறையில் கண்டெடுக்கப்பட்டன. எவன்ஸ் காவலரிடம் முன்னுக்குப் பின் முரணாகப் பல வாக்குமூலங்கள் தந்தான். ஒன்றில் இரு கொலைகளையும் ஒப்புக்கொண்டான். நீதிமன்றத்தில் மறுத்தான், கீழ்வீட்டுக்காரன் கிறிஸ்டியே கொலைஞன் என்றான். யார் நம்புவார்? அந்தக் கிறிஸ்டிதான் அரசுத் தரப்பின் தலையாய சாட்சி. போர்க்காலத்தில் காவற்பணியும் புரிந்தவன். 1950 மார்ச் 9 அன்று, தன் 25ஆம் வயதில், பென்டன்வில் சிறையில் எவன்ஸ் தூக்கிலிடப்பட்டான்.

மூன்றாண்டுகள் சென்றன. 1953 மார்ச்சில் கிறிஸ்டி வீட்டைக் காலி செய்தபின், சமையலறைச் சுவரின் மறைவிடத்தில் மூன்று பெண்களின் உடல்கள் வெளிப்பட்டன. தரைப்பலகையின் அடியில் அவன் மனைவி கிடந்தாள். தோட்டத்தில் இரண்டு எலும்புக்கூடுகள். அவை எவன்ஸ் அந்த வீட்டிற்குக் குடிவரும் முன்பே புதைக்கப்பட்டவை. 1949இல் காவலர் சோதனைக்கு வந்தபோதும் அவை அந்தச் சின்னஞ்சிறு தோட்டத்தில்தான் இருந்தன.

சிலம்பு படித்த நமக்கு இக்கதை புதிதன்று. அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் என்று காட்டிக்கொடுக்கிறான். காவலர் கோவலனின் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று ஒருவன் வாய்விட்டே சொல்லுகிறான். பொற்கொல்லனோ கள்வரின் தந்திரங்களை அடுக்கி அந்தத் தயக்கத்தைக் கரைக்கிறான். இறுதியில் கள்மயக்கத்தில் இருந்த ஒருவனின் வாள் பேசிவிடுகிறது. குற்றவாளியே சாட்சியாகி நிற்கும்போது நீதி எவ்வளவு எளிதாக ஏமாறும் என்பதை மதுரையில் கண்ட இளங்கோவடிகளுக்கு இலண்டன் வியப்பைத் தந்திராது.

எவன்ஸின் கருணை மனுவை மறுத்து, சட்டம் தன் வழியே செல்லட்டும் என்று எழுதிய உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட், 1955இல் நாடாளுமன்றத்தில் எழுந்து, தம் காலத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். பாண்டியனைப்போல அரியணையிலிருந்து வீழ்ந்து அவர் உயிர்விடவில்லை; இக்காலத்தில் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆயினும் 1948இல் தூக்குத் தண்டனையைக் காத்து நின்றவர் அதற்கு எதிராகப் பேசியதை நான் சிறிய செயலாகக் கருதவில்லை.

எவன்ஸ் இறந்தபின் கிறிஸ்டி கொன்ற பெண்கள் நால்வர். தூக்குமேடையால் அந்த நால்வருக்கும் பாதுகாப்பு கிட்டவில்லை. ஆனால் இதை வைத்து வெற்றி முழக்கமிட எனக்கு உரிமையில்லை. எவன்ஸ் ஆயுள் சிறையில் இருந்திருந்தாலும் கிறிஸ்டி வெளியில்தான் திரிந்திருப்பான். அந்த நால்வரின் உயிர் தவறிய புலனாய்வின் கணக்கில் சேரவேண்டியது; தூக்குக்கயிற்றின் கணக்கில் அன்று. கயிற்றின் கணக்கில் சேர்வது வேறொன்று. 1953இல் சிறைக்கதவைத் திறந்துவிட ஒரு மனிதன் உள்ளே இல்லை. எவன்ஸின் மனைவியைக் கொன்றதாக ஒப்புக்கொண்ட கிறிஸ்டி குழந்தையைக் கொன்றதை ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வாண்டு ஜூலையிலேயே அவனையும் தூக்கிலிட்டார்கள். கேட்டறிய வேண்டிய வாயும் அடைபட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 1980இல் உச்ச நீதிமன்றம் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குகளிலேயே மரண தண்டனை என்று வரம்பு கட்டியது. அந்த வரம்புக்குள்ளும் பிழை புகுந்தது. 2003இல் மகாராட்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தைத் தாக்கி ஐவரைக் கொன்றார்கள். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த அறுவர் பிடிபட்டனர். 2009இல் உச்ச நீதிமன்றமே அறுவருக்கும் மரண தண்டனை விதித்தது. அதே நீதிமன்றம் 2019 மார்ச்சில் அறுவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது வயது நிரம்பாத சிறுவர். நேரில் கண்ட சாட்சி தொடக்கத்தில் காவல்துறைப் படங்களில் அடையாளம் காட்டியது வேறு நால்வரை. இடைப்பட்ட பத்தாண்டுகளில் கயிறு முந்திக்கொண்டிருந்தால் அந்தத் தீர்ப்பை யாரிடம் வாசித்திருப்பார்கள்?

கொலையுண்டவரின் தாய் என் முன் நின்று கேட்டால் என்ன சொல்வாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, முழு விடை என்னிடம் இல்லை. அந்த ஐவரின் உறவினருக்கும் பதினாறு ஆண்டுகள் தவறான முகங்களைக் காட்டி நீதி கிடைத்துவிட்டதாகச் சொல்லிவந்தோம் என்பதை மட்டும் அவர்முன் வைப்பேன். கொடியவன் வெளியே வந்து மீண்டும் கொல்வானே என்னும் அச்சத்தை நான் மதிக்கிறேன். அதற்கு வழியுண்டு. தண்டனைக் குறைப்புக்கு இடமின்றி வாழ்நாள் முழுதும் சிறையில் வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் கூறி, 2015இல் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிப்படுத்தியது. அதுவும் கொடிய தண்டனைதான். எனினும் அதில் கதவு உண்டு. சாவி நம் கையில் உண்டு.

ஆகவே மூத்த அன்பருக்கு என் விடை: முதற்குறளை நாம் முழுமையாக நிறைவேற்றிவிட்டோம் என்று எந்த நீதிமன்றமும் சத்தியம் செய்ய இயலாதவரை, பத்தாவதற்குச் செல்லும் துணிவு எனக்கில்லை. அன்று பேசியதைத் திரும்பப் பெறுகிறேன்.

பிரிட்டன் 1965இல் கொலைக்குற்றத்துக்கான தூக்கை நிறுத்திவைத்து, 1969இல் நிலையாக நீக்கியது. அதே 1965இல் எவன்ஸின் எலும்புகளைச் சிறைவளாகத்திலிருந்து தோண்டியெடுத்து, லேட்டன்ஸ்டோன் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அரசியாரின் மன்னிப்புப் பத்திரம் அடுத்த ஆண்டு அக்டோபரில் வந்தது.