வெடித்த பிளம்ஸ் பழத்துக்கு வீட்டிலேயே ஒரு வழி



பிளம்ஸ் மரம் வைத்திருக்கிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மே, ஜூனில் பழம் வந்தால் ஒரே மூச்சில் வரும். சிவக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டால் தோல் வெடித்துவிடும். ஒரு பருவத்தில் நாங்கள் ஏழு கூடை அனுப்பினோம். மண்டியில் நாலு கூடையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மூன்று கூடை, வண்டிக் கூலியையும் நம் தலையில் வைத்துத் திரும்பி வந்தது. குப்பைக் குழியில் கொட்ட மனசு வரவில்லை.

அப்போது என் சின்னம்மா சொன்னதுதான் கிரம்பிள். அவர் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். இது இங்கிலாந்துப் பலகாரம். இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1940-லிருந்து, அங்கே வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷனில்தான் கிடைத்தன. மாவைத் தேய்த்து மூடி செய்கிற பண்டத்துக்கு வெண்ணெய் நிறையப் பிடிக்கும். இதற்குக் குறைவாகப் போதும். அதனால் வீட்டுக்கு வீடு செய்தார்கள். கீழே பழம், மேலே புட்டு மாவு மாதிரி உதிரி மாவு, அவ்வளவுதான்.

முதலில் பழத்தைப் பாருங்கள். வெடித்ததும் அடிபட்டதும் ஆகும். பூஞ்சணம் பிடித்ததும் புளித்த வாடை அடிப்பதும் ஆகாது; அந்த இடத்தை மட்டும் நறுக்கிவிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பழத்தையும் இரண்டாகப் பிளந்து, புழு இருக்கிறதா என்று பார்த்து, கொட்டையை எடுத்துவிடுங்கள். கொட்டையை உடைத்துப் பருப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது, அதில் விஷச் சத்து உண்டு. தோல்மேல் வெள்ளையாய்ப் பொடி படிந்திருப்பது பழத்தின் இயற்கை மெழுகு. அதை மருந்து என்று பயப்பட வேண்டாம். ஆனாலும் மருந்து அடித்த தோட்டமானால் கழுவாமல் விடாதீர்கள்.

ஒரு கிலோ பழத்துக்கு 150 கிராம் சர்க்கரை. பழம் வெந்தால் புளிப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். அதனால் ஒரு துண்டு சுட்டுப் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். சாறு இறுகுவதற்கு ஒரு மேசைக் கரண்டி அரிசி மாவு கலந்து, ஆழமான எவர்சில்வர் தட்டில் பரப்புங்கள். செம்பு, பித்தளை, அலுமினியம் வேண்டாம், புளிப்பு பட்டால் கெடும்.

மேல் மாவுக்கு 200 கிராம் மைதா அல்லது கோதுமை மாவு, 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய் கெட்டியாக இருக்கணும். நம் மலைக் குளிரில் அதற்குக் கஷ்டமில்லை. விரல் நுனியால் பிசிறுங்கள். உள்ளங்கை பட்டால் சூட்டில் உருகி மாவு பசையாகிவிடும். புட்டுக்குப் பிசிறுகிற அதே கைதான், தண்ணீர் மட்டும் கிடையாது. பழத்தின் மேல் தூவுங்கள், அழுத்தாதீர்கள்.

அவன் இருந்தால் 180 டிகிரியில் நாற்பது நிமிஷம். இல்லாதவர்கள் சின்னம்மா முறைக்கு வாருங்கள். கனமான இரும்புச் சட்டிக்குள் நாலு சின்னக் கல்லை வைத்து, தட்டை அதன்மேல் இறக்கி, இரும்பு மூடி போடுங்கள். அடியில் கொஞ்சம் தணல், மூடிமேல் நிறையத் தணல். மேல் சூடுதான் மாவைச் சிவக்க வைக்கும். ஓரத்தில் சிவப்புச் சாறு கொப்பளித்தால் பதம். கேஸ் அடுப்பு மட்டும் இருந்தால், பழத்தைத் தனியாகப் பத்து நிமிஷம் வேகவிட்டு, சர்க்கரை சேர்க்காத மாவுப் பிசிறலை வாணலியில் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, இறக்கிய பிறகு சர்க்கரை கலந்து மேலே தூவுங்கள். சர்க்கரையை முதலில் போட்டால் உருகிக் கட்டிப்படும். எனக்கு ஒரு தரம் அப்படி ஆகி, கரண்டியே ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வைத்தால் மேல் மாவு நமுத்துப் போகும். அதனால் பழத்தை வேகவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு, மாவை அன்றன்றைக்குச் செய்வது நல்லது. சுற்றுலாக்காரர்களுக்கு வீட்டில் அறை விடுகிறவர்கள் இதை விற்றுப் பார்க்கலாம். விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் மூன்று கூடையில் அழுகலைக் கழித்து ஒன்றரைக் கூடை தேறியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து தட்டைக் காலி பண்ணிவிட்டுப் போனார்கள். மிச்சப் பழம் ஜாமுக்குப் போயிற்று.