மலையும் ஒரு பாடநூலே

(சங்ககிரியில் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இவ்வூர்ப் பிள்ளைகள் நாள்தோறும் நிமிர்ந்து பார்க்கும் மலைக்கோட்டையில்தான் தீரன் சின்னமலை 1805ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். பாடநூல் இதனை ஒரு வரியில் சொல்லி முடிக்கின்றது. மாணவன் அதனை நெட்டுருச் செய்கின்றான், தேர்வில் எழுதுகின்றான், மறுநாளே மறக்கின்றான். இதுவோ வரலாற்றுக் கல்வி?

ஊர்மக்களைக் கேளுங்கள். சின்னமலை ஆடிப் பதினெட்டில் மாண்டார் என்பர். அந்நாளில்தான் இங்கும் ஓடாநிலையிலும் அவருக்கு வணக்கம் செலுத்துகின்றனர். இன்றைய நாட்காட்டியிலோ ஆடிப் பதினெட்டு ஆகத்து 2 அல்லது 3 அன்று வருகின்றது. அங்ஙனமாயின் நூல் பொய்யா? மக்கள் நினைவு பொய்யா?

இரண்டும் பொய்யல்ல. கதிரவன் மீண்டும் அதே விண்மீனிடத்தை அடையும் காலத்தையே தமிழர் ஓராண்டாகக் கொண்டனர். அஃது ஆங்கில ஆண்டினும் ஏறத்தாழ 20 மணித்துளி நீண்டது. இச்சிறு வேற்றுமை இருநூறு ஆண்டில் இரண்டு மூன்று நாளாகத் திரண்டுவிடும். பின்னோக்கிக் கணக்கிட்டால், 1805இன் ஆடிப் பதினெட்டு சூலைத் திங்களின் இறுதியை ஒட்டியே வந்து நிற்கும். எழுத்தறியா உழவன் வாய்வழிக் காத்த நாளும் ஏட்டு நாளும் ஒன்றையொன்று தாங்குகின்றன! இக்கணக்கைத் தானே போட்டுப் பார்த்த மாணவன் அந்நாளை மறப்பானோ?

மக்கள் சொல்வதெல்லாம் மெய்யென்று யான் கூறவில்லை. ஒரு சான்றை மற்றொன்றோடு உரசிப் பார்க்க வேண்டும் என்கின்றேன். சான்றுகட்கு இங்குக் குறைவில்லை. மலையில் அடுக்கடுக்காக மதில்கள் நிற்கின்றன. பெருமாள் கோயிலும் தர்க்காவும் நிற்கின்றன. 1792இல் திப்புவிடமிருந்து இப்பகுதியைப் பெற்ற கிழக்கிந்தியக் கும்பணியார், அலெக்சாண்டர் ரீடு காலத்தில் எழுதிய பாரமகால் ஆவணங்கள் அச்சேறியுள்ளன. ஆயின் அவை வரி தண்ட வந்தவன் எழுதியவை. வரி கொடுத்தவன் சொல்லை ஊர்க்கதையிலும் நாட்டுப்பாட்டிலுமே தேட வேண்டும். காவிரிக்கு அப்பால், நொய்யற்கரைக் கொடுமணலில், பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளே கிடைத்துள்ளன.

இப்பயிற்சி இன்று ஏன் வேண்டும்? 2023இல் நடுவணரசின் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலினின்று முகலாய அரசவை பற்றிய இயல் நீக்கப்பட்டது. கீழடி அகழாய்வறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025இல் நடுவண் தொல்லியல் துறை கேட்டது. அதனை எழுதிய அமர்நாத் இராமகிருட்டிணன் தம் முடிவில் உறுதியாக நின்றார். சான்று கையில் இருந்தமையால் நின்றார். நூலை மட்டுமே நம்பிய மாணவனோ, நூல் மாறினால் தானும் மாறுவான். நாமே நமக்கு விருப்பமானதை எழுதிக்கொண்டாலும் அவனுக்கு அதே இழப்புத்தான்.

ஆதலின் உங்களை ஒன்று வேண்டுகின்றேன். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டிற்கு முன்னர் மாணவரை ஒருமுறை மலையேற்றுங்கள். ஒரு குழு மதிலையும் கல்லையும் குறிக்கட்டும். ஒரு குழு ஆவணம் படிக்கட்டும். ஒரு குழு முதியோர் சொல் கேட்கட்டும். பின்னர் மூவரும் வகுப்பில் அமர்ந்து வழக்காடட்டும். தீர்ப்பை அவர்களே எழுதட்டும்!