உரிமம் இல்லாத லாரியை ஊருக்குள் விடமாட்டோம்!

(காட்பாடி ஆர்ப்பாட்டக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

விவசாயப் பெருங்குடி மக்களே! தாய்மார்களே! தோழர்களே!

கரும்புக்கு விலை கேட்டு நின்றிருக்கிறோம், பாலாற்றில் தண்ணீர் கேட்டு நின்றிருக்கிறோம். இன்னைக்கு கக்கூஸ் தொட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "விவசாய சங்கத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிலர் கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்குது. டவுனில் உறிஞ்சின கசடு ராத்திரியோடு ராத்திரியா எங்கே போகுது? ஏரிக்கால்வாயில், ஓடையில், பாலாற்று மணலில், கேட்பாரில்லாத கிணற்றில். கடைசியில் அது வந்து சேருவது நம்ம மோட்டார் பம்புல!

மண் கெட்டால் என்ன ஆகும் என்று வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் ஷாப்புத் தண்ணீரால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்பது உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28. "மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும்" என்று நாட்டுக்கே வழிகாட்டிய தீர்ப்பு. ஆனால் நஷ்டஈட்டை ஒழுங்காகக் கொடு என்று 2025 ஜனவரி 30-ல் உச்சநீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. நடுவில் 28 வருஷம்! கேஸ் நடந்த காலத்தில் பிறந்த பிள்ளைக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். கெட்ட பிறகு கோர்ட்டுக்குப் போனால் இதுதான் கதி. அதனால்தான் கெடுவதற்கு முன்னாலேயே தடுக்கச் சொல்கிறோம்.

தடுக்கிற வழி என்ன? யார் தொட்டி கட்டுகிறான், யார் உறிஞ்சுகிறான், எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்று மூன்றுக்கும் பதிவு வேண்டும், உரிமம் வேண்டும்.

முதலில் தொட்டி. செப்டிக் டேங்க் என்றால் இரண்டு அறை, அடியிலும் பக்கத்திலும் கசியாத பூச்சு. கசடு அடியில் தங்கணும், மேலே தெளிந்த தண்ணீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகணும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கசடை எடுக்கணும். நம்ம பக்கம் பல வீட்டில் இருப்பது என்ன? நாலு உறை இறக்கி, அடியைப் பூசாமல் விட்டு, "இருபது வருஷத்துக்கு நிறையாது" என்று மேஸ்திரி சொல்லிட்டுப் போயிடுறார். நிறையாது என்றால் என்ன அர்த்தம்? எல்லாம் பூமிக்குள்ளே இறங்குது என்று அர்த்தம். பக்கத்துக் கிணற்றில் நைட்ரேட்டும் கிருமியும் ஏறுது. இந்த வேலைக்கு மேஸ்திரிக்குப் பயிற்சி உண்டா? பதிவு உண்டா? கேட்பார் உண்டா?

ஜப்பானில் 1983-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி அமைக்கிறவர் மாகாண ஆளுநரிடம் பதிவு செய்யணும், கசடு எடுக்கிறவர் ஊர் மேயரிடம் உரிமம் வாங்கணும், வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொட்டி கட்டுகிறவருக்கும் லாரிக்காரருக்கும் அந்தந்த ஊர்ச் சுகாதார வாரியம் அனுமதி கொடுக்கணும். நம்ம ஊரில் முடியாதா?

இரண்டாவது லாரி. இதற்கு நம்ம மாநிலத்திலேயே விதி இருக்குது. 2014-ல் தமிழ்நாடு அரசு கசடுக் கழிவு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 2022-ல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, கழிவுநீர் லாரிக்கு உரிமம் கட்டாயம் என்று ஆக்கினார்கள். இரண்டு வருஷத்துக்குக் கட்டணம் 2,000 ரூபாய். மீறினால் முதல் தடவை 25,000 அபராதம், அடுத்த தடவை 50,000. சட்டம் புத்தகத்தில் நல்லாத்தான் இருக்குது. ஆனால் அந்தத் திருத்தம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்கு. லாரி போய்க் கொட்டுவதோ பஞ்சாயத்து எல்லையில்! உறிஞ்சுவது ஒரு எல்லை, ஊற்றுவது வேறு எல்லை. கேட்டால் இவர் அவரைக் கை காட்டுவார், அவர் இவரைக் கை காட்டுவார்.

நம்ம தோல் பெல்ட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டேங்கருக்குள்ளே இருப்பது கக்கூஸ் கசடா, தோல் ஷாப்புக் கழிவா என்று வெளியே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியுமா? கக்கூஸ் கசடைக் காய வைத்து, மக்க வைத்து, கிருமி செத்த பிறகு போட்டால் உரம். குரோமியமும் உப்பும் கலந்து வந்தால் எத்தனை வருஷம் மக்க வைத்தாலும் போகாது. தென்னந்தோப்புக்கு உரம் என்று லாரியைக் கூப்பிடும் நம்ம விவசாய நண்பர்களுக்கும் சொல்கிறோம்: எங்கே எடுத்தது என்று ரசீது காட்டாத லாரியை வரப்பிலேயே நிறுத்துங்கள். பச்சைக் கசடைக் கீரைக்கும் காய்கறிக்கும் விடாதீர்கள். புழு முட்டை மாசக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும்.

மூன்றாவது உயிர். 2013-ல் வந்த மத்தியச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டுமே கூட விதிக்கலாம். செத்தால் 30 லட்சம் கொடு என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளிகள் செத்தார்கள். பிழைப்புக்கு வெளி மாநிலத்திலிருந்து வந்த ஏழைகள்தான் அதில் அதிகம். பதிவும் சோதனையும் வெறும் காகிதம் இல்லை தோழர்களே, உயிர்!

"லைசென்ஸ் என்றால் லஞ்சம்தானே, ஏழை லாரிக்காரன் வயிற்றில் ஏன் அடிக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2,000 ரூபாயை இரண்டு வருஷத்துக்குப் பிரித்தால் நாளைக்கு மூன்று ரூபாய்கூட ஆகாது, டீ காசுகூட இல்லை. லாரிக்காரனைக் கசக்குவது உரிமம் இல்லை. பக்கத்தில் கொட்ட இடம் இல்லாததுதான் அவனைக் கசக்குது. தூரத்துக்கு ஓட்டினால் டீசல் கட்டாது, ஏரியில் ஊற்றினால் லாபம். மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழியில் 2017-லேயே கசடுக்கென்று தனிச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பேரூராட்சியில் முடிந்தது வேலூர் மாவட்டத்து ஒன்றியங்களில் ஏன் முடியாது? லஞ்சத்துக்கு மருந்து, பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டுவது. மறைவில் இருக்கிற லைசென்ஸ்தான் லஞ்சம் வாங்கும்.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. நகர எல்லையில் இருக்கிற உரிம விதியைக் கிராமப் பஞ்சாயத்திலும் அதே கட்டணத்தில், அதே அபராதத்தில் அமல்படுத்து!

2. தொட்டி கட்டும் மேஸ்திரிகளுக்கு இலவசப் பயிற்சி கொடுத்துப் பதிவு செய்! பயிற்சி நாளுக்குக் கூலி கொடு!

3. உரிமம் பெற்ற லாரிகளின் எண், கொட்ட வேண்டிய இடம், கட்டணம் மூன்றையும் ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் எழுதி ஒட்டு!

4. ஒவ்வொரு லோடுக்கும் ரசீது: எடுத்த வீடு, கொட்டிய நிலையம், நேரம். ரசீது இல்லாத லாரியைப் பறிமுதல் செய்!

5. நிலையத்தில் இறக்கும் முன் உப்பும் குரோமியமும் சோதனை செய்! சோதித்து மக்கிய உரத்தை விவசாயிக்குக் குறைந்த விலையில் கொடு!

6. லாரித் தொழிலாளிக்குக் கையுறை, முகக்கவசம், காப்பீடு கொடு!

தோழர்களே! கழிஞ்சூர் ஏரியும் தாராபடவேடு ஏரியும் நம்ம பாட்டன் பூட்டன் கொடுத்த சொத்து. அதில் கசடு ஊற்ற எவனுக்கும் உரிமை இல்லை. அதிகாரி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஊருக்கு நாலு பேர் ராத்திரி முறை போட்டுக் கால்வாய் மதகில் நில்லுங்கள். லாரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் மேல் கை வைக்காதீர்கள், அவரும் கூலிக்காரர்தான். குறித்த எண்ணோடு அடுத்த மனுநீதி நாளில், குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் முன்னால் நிற்போம். ஒரு மனு இல்லை, ஊருக்கு ஒரு மனு!

மண்ணைக் காப்போம்! கிணற்றைக் காப்போம்!
பதிவு செய்! பட்டியல் ஒட்டு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!