படுக்கையில் இருப்பவரைப் பார்க்க யார் பணம் கட்டுவது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மகளிர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கைக்குழந்தையைப் பார்க்கத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்க்க எந்தக் காம்பராவும் இல்லை. வீட்டுப் பெண் ஒருத்தி மலைக்குப் போகாமல் நிற்கிறாள். அன்று அவளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சேமலாப நிதியும் இல்லை. இது தலைவிதி அல்ல, தொழிற்சங்கம் பேச வேண்டிய விஷயம். இதில் ஜேர்மனி செய்ததை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

அங்கே 1995இல் பராமரிப்புக் காப்புறுதி தொடங்கியது. ஆரம்பத்தில் சம்பளத்தில் 1 சதவீதம். 2025இல் அது 3.6 சதவீதம். முதலாளியும் தொழிலாளியும் பாதிப் பாதி கட்டுகிறார்கள். ஆனால் முதலாளிமாரின் பங்கு சும்மா வரவில்லை. அதற்கு ஈடாகச் சம்பளத்தோடு கிடைத்த ஒரு விடுமுறை நாளை எடுத்துவிட்டார்கள். சாக்சனி மாநிலம் மட்டும் அந்த விடுமுறையை விடவில்லை. அதனால் அங்கே தொழிலாளி, முதலாளியைவிடச் சம்பளத்தில் 1 சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறார்.

1996 ஜூலை முதல் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களுக்கும் இந்தப் பணம் கிடைக்கிறது. ஆனால் முழுச் செலவும் அல்ல. மிகவும் முடியாத நிலையில் இருப்பவருக்கு, 2025 கணக்குப்படி, மாதம் 2,096 யூரோ. மிச்சச் செலவும், சாப்பாடும், அறை வாடகையும் அவர் தலையில்தான். சராசரியாக அதுவே மாதம் 2,000 யூரோவைத் தாண்டுகிறது. 2022 முதல், இல்லத்தில் இருக்கும் காலம் கூடக் கூட, பராமரிப்புக்கு அவர் கட்டும் பங்கில் ஒரு பகுதியைக் காப்புறுதி ஏற்கிறது. அதற்கும் வழியில்லாதவருக்கு அரசின் சமூக உதவி கொடுக்கிறது. அந்தப் பணத்தைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கேட்பதென்றால், 2020 முதல், ஆண்டுக்கு 100,000 யூரோவுக்கு மேல் சம்பாதிக்கும் பிள்ளையிடம்தான் கேட்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வாரத்துக்குக் குறைந்தது 10 மணித்தியாலம் வீட்டில் பெற்றோரைப் பராமரிக்கும் மகளுக்கு, சில நிபந்தனைகளோடு, ஓய்வூதியப் பணத்தைக் காப்புறுதியே கட்டுகிறது. அவள் செய்வதும் வேலைதான் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு, எல்லாம் குடும்பத்தின் பாரம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ், தங்களைப் பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்கலாம். நாட்சம்பளக்காரப் பிள்ளை எதை எடுத்துக் கொடுக்கும்?

நாளை இங்கும் இப்படி ஒரு காப்புறுதி பேசப்பட்டால், கையெழுத்துப் போடும் முன் நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். முதலாளி தன் பங்குக்கு ஈடாக நம்மிடம் எதை எடுக்கிறார்? இல்லத்தில் எந்தெந்தச் செலவு அதில் அடங்கும்? வீட்டில் பார்ப்பவளுக்குச் சேமலாப நிதி யார் கட்டுவார்?

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு கமிட்டியும் லயம் லயமாக ஒரு கணக்கு எடுக்க வேண்டும். படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர், அவர்களைப் பார்ப்பது யார், அதனால் மாதத்துக்கு எத்தனை பேர் போகிறது என்று எழுதி வாருங்கள். கணக்கு கையில் இருந்தால்தான் கோரிக்கைக்குப் பலம்.