ஏறுகிறவனின் பலகை

ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்த்தபடி வாழும் செஞ்சிக்காரர்களிடம் பனிப்பலகையைப் பற்றிப் பேசுவது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் எண்ணூறு அடி உயரக் குன்றில் ஏறி இறங்கியவர்களுக்கு என் வாதம் எளிதாகப் பிடிபடும். ஸ்பிளிட்போர்டு என்பது நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டு, அதாவது பனிப்பலகை. ஏறும்போது இரண்டு பாதிகளும் காலுக்கொன்றாக ஸ்கீ எனப்படும் சறுக்குக்கட்டைகள் ஆகிவிடும். அடியில் ரோமப் பட்டை ஒட்டியிருப்பதால் முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கி வழுக்காது. உச்சியில் பட்டையை உரித்து, பாதிகளைக் கோத்து, ஒரே பலகையாக்கி இறங்குவார்கள். அமெரிக்காவின் யூட்டாவில் 1990களில் இது பரவத் தொடங்கியபோது, வொய்லே நிறுவனம் விற்ற இணைப்புச் சாதனங்களை வாங்கி, நல்ல பலகையை நடுவில் ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டவர்கள் பலர். அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இறக்கத்தை நினைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். முழங்கால் ஆழப் பொடிப்பனியில் மிதக்க வேண்டும் என்று அகலமான, மூக்கும் வாலும் நன்றாக மேலே வளைந்த பலகையைக் கேட்கிறார்கள். இது தலைகீழான முறை என்பது என் கருத்து. காஷ்மீரின் குல்மார்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி, அபர்வத் மலைச்சரிவில் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. அதில் ஏறி, அங்கிருந்து சறுக்கி இறங்க மட்டும் விரும்புகிறவருக்குச் சாதாரண ஸ்னோபோர்டே போதும். அது விலையும் குறைவு, உறுதியும் அதிகம். ஊர்தி போகாத சரிவைத் தேடுகிறவர்தான் ஸ்பிளிட்போர்டு வாங்குகிறார். அவருடைய நாளில் ஏற்றம் மணிக்கணக்கு, இறக்கம் நிமிடக்கணக்கு. பெரும்பொழுது எதில் கழிகிறதோ அதற்குத் தகுந்த கருவிதானே வேண்டும்?

நேரம் மட்டும் காரணமல்ல. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கின்றன. 2010 பிப்ரவரியில் குல்மார்கை அடுத்த கிலன்மார்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 17 பேரைப் பனிச்சரிவு பலிகொண்டது. மலையை அறிந்த பயிற்சிப் பள்ளிக்கே நேர்ந்த இழப்பு அது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் சரிவின் நடுவே ஏறாமல் மலைமுகட்டை ஒட்டி ஏறுவார்கள். ஆனால் முகட்டில் பொடிப்பனி தங்காது. காற்று அதைச் சீவித் தள்ளிவிட, எஞ்சுவது இறுகிய பனிதான். அதன் மேல் பக்கவாட்டில் கால் பதிக்கும்போது, பன்னிரண்டு பதின்மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள பாதிப்பலகையின் எஃகு விளிம்பு பாதத்திலிருந்து தள்ளி நிற்பதால் பிடிப்பு குறைகிறது. அகலம் கூடக்கூட இன்னும் குறையும். முனைகள் மிகுதியாக வளைந்திருந்தால் பனியைத் தொடும் பரப்பும் சுருங்கிவிடும். வழுக்கி வழுக்கிக் களைத்தவர், முகட்டை விட்டுவிட்டு எளிதாகத் தெரியும் சரிவின் நடுவழிக்கு இறங்கிவிடுகிறார். தவறான பலகை இப்படித்தான் ஒருவரைத் தவறான பாதைக்குத் தள்ளுகிறது.

"பொடிப்பனிக்காகத்தானே இவ்வளவு பாடு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மூக்கு சற்று நீண்டு, கால் வைக்கும் இடம் கொஞ்சம் பின்தள்ளி இருந்தாலே மென்பனியில் பெரும்பாலான பலகைகள் மிதக்கும். அங்கே நல்ல பலகைக்கும் மிக நல்ல பலகைக்கும் வேறுபாடு சிறிது. இறுகிய பனியில் அது பெரிது. பொடிப்பனியும் நாம் கேட்டபோதெல்லாம் பெய்வதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பனியின்றி வறண்டு கிடந்ததைச் செய்திகளில் பார்த்தோம். இன்னொரு தரப்பு, ஏற்றமே முக்கியமென்றால் ஸ்கீயே வாங்கலாமே என்னும். அதை முழுதாக மறுக்க மாட்டேன். ஏறுவதில் ஸ்கீ மேலானது; உச்சியில் பலகையைக் கோக்கும் வேலையும் இல்லை. இரண்டும் புதிதாகக் கற்கிறவர் ஸ்கீயைத் தேர்ந்தால் குறைசொல்ல இடமில்லை. ஸ்னோபோர்டில் ஏற்கனவே தேர்ந்தவருக்குத்தான் என் வாதம். மூன்றாவது மறுப்பு, எடையைப் பற்றியது. ஒவ்வோர் அடியிலும் சுமக்க வேண்டியதால் இலேசானதே நல்லது என்பார்கள். ஓரளவுக்கு ஆம். மிகவும் இலேசாக்கினால் கரடுமுரடான பனியில் பலகை அதிரும், பாறையில் பட்டால் எளிதில் உடையும்.

ஆகவே நான் தேர்வது, பாதங்களுக்கு நடுவே மேல்நோக்கி வளைந்து அமைந்த கேம்பர் வடிவம், மூக்கில் மட்டும் தூக்கல், பூட்ஸின் அளவுக்குப் போதுமான அகலம், ஓரளவு விறைப்பு. நீளத்தைப் பார்க்கும்போது உடல் எடையோடு முதுகுப்பையின் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பனியில் புதைந்தவரை மீட்க உதவும் மண்வாரி, துழாவுகோல், இவற்றோடு தண்ணீர், உணவு எல்லாம் அதில் உண்டு. ரோமப் பட்டையில் மொஹேர் என்னும் ஆட்டுரோமம் நன்றாக வழுக்கி ஓடும், நைலான் உறுதியாகப் பிடிக்கும். இரண்டும் கலந்ததே பெரும்பாலோருக்குப் போதும். பட்டையைப் பலகைக்கேற்ப வெட்டும்போது எஃகு விளிம்பு இருபுறமும் வெளியே தெரியும்படி வெட்ட வேண்டும். விளிம்பைப் பட்டை மூடிவிட்டால், பார்த்துப் பார்த்து வாங்கிய பலகையும் முகட்டில் பிடிக்காது.