பயங்காட்டினால் திருந்துவார்களா?

(தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்றைக்கு நம்முன் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து லயத்தில் அடிதடி செய்பவர்களின் பெயர்களைக் கோயில் சுவரில் எழுதிப் போடுவது. மற்றது, களவு, போதை என்று சிக்கிய பையன்களைச் சிறைச்சாலைக்குக் கூட்டிப்போய், உள்ளே இருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவது.

இவற்றைக் கொண்டுவந்தவர்களின் வேதனை எனக்குத் தெரியும். நானும் லயத்தில் பிறந்தவன். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு, ராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்கு ஓடும் தாய்க்கு, எதையாவது செய்து இதை நிறுத்தினால் போதும் என்றுதான் இருக்கும். ஆனாலும் கை தூக்குவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள். இந்த இரண்டையும் வேறு நாட்டவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள்.

முதலில் சிறைச்சாலை விஷயம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ராவே என்றொரு சிறை. 1970களில், தவறு செய்த பையன்களை அங்கே கூட்டிப்போனார்கள். ஆயுள் கைதிகள் அவர்களைச் சுற்றி நின்று கத்தி மிரட்டினார்கள். 1978இல் அதைப் படமாக எடுத்துக் காட்டியபோது நாடே கைதட்டியது. பல மாநிலங்கள் அதையே செய்தன. பிறகு ஆய்வாளர்கள் பையன்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சிறைக்கு அனுப்பி, மற்றதை அனுப்பாமல் ஒப்பிட்டார்கள். அப்படிப்பட்ட 9 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, சிறையைப் பார்த்து வந்தவர்களே பின்னர் அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். சும்மா விட்டிருந்தால்கூட அதைவிட நல்லது என்பதுதான் முடிவு.

நோயைச் சொல்லிப் பயமுறுத்துவது மட்டும் பலிக்குமா? பிரித்தானியாவில் மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். அது 2002இல் வெளிவந்தது. வாரத்தில் ஒரு தடவை 20 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். எதுவும் சொல்லாமல் விட்டவர்களில் 100க்கு 38 பேர் செய்தார்கள். இதய நோயின் ஆபத்தைச் சொல்லும் துண்டுப்பிரசுரம் வாசித்தவர்களில் 35 பேர். அதே பிரசுரத்தை வாசித்து, 'இந்த நாள், இந்த நேரம், இந்த இடத்தில் செய்வேன்' என்று எழுதியும் கொடுத்தவர்களில் 91 பேர் செய்தார்கள். பயம் அசைக்காததை, நாளும் நேரமும் இடமும் குறித்த ஒரு சின்ன ஏற்பாடு அசைத்தது.

தோழர்களே, உடற்பயிற்சியும் குடியும் ஒன்றல்ல. குடி அதைவிடக் கடினம். ஆனால் இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. 'இனிக் குடிக்கமாட்டேன்' என்று சாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம் எத்தனை நாள் நின்றது? சம்பள நாள் பின்னேரம், கையில் காசு, அதே பாதை, அதே தவறணை, அதே கூட்டாளிகள். சத்தியத்தில் இதற்கெல்லாம் வழி இல்லை. 'சம்பளம் எடுத்ததும் மனைவியோடு நேரே கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவேன். கூட்டாளி கூப்பிட்டால் பிள்ளைக்கு மருந்து வாங்கணும் என்று சொல்லி நடப்பேன்' என்பதுதான் ஏற்பாடு.

இடமும் சேர்க்கையும் எவ்வளவு பெரிது என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமையானார். 1971இல் திரும்பி வந்தவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் தேடிப்போய் விசாரித்தார். ஊர் வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள், அங்கே அடிமையாயிருந்தவர்களில் 100க்கு 5 பேர் அளவில்தான். போதை கிடைத்த இடமும், அதைப் போட்ட கூட்டமும் பின்னால் போய்விட்டன.

குற்றத்திலும் இதே கதைதான். பொஸ்டன் நகரில் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட 500 பையன்களின் வாழ்க்கையை, அவர்கள் கிழவர்களாகும் வரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். பலர் திருந்தினார்கள். நிலையான வேலை, நல்ல குடும்ப வாழ்க்கை, பழைய கூட்டத்தை விட்டு விலகியது ஆகியவை திருந்தியவர்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வந்தன. இனி, பெயரைச் சுவரில் எழுதிய பையனுக்கு யார் வேலை கொடுப்பார்? யார் பெண் கொடுப்பார்? அவனைச் சேர்த்துக்கொள்ள மிச்சமிருப்பது பழைய கூட்டம் மட்டும்தான். சுவரில் எழுதுவது அவனை அங்கேதான் தள்ளும்.

அப்படியானால் அடிப்பவனை விட்டுவிடுவதா? இல்லவே இல்லை. அடி குற்றம், குடி அதற்குச் சாக்கல்ல. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 என்ற இலக்கம் பெண்களுக்கான உதவிக்கு. முதலில் தாயும் பிள்ளைகளும் பத்திரம். திருத்தும் வேலை அதற்குப் பிறகு. அவனைத் திருத்துவது அவள் தலையில் கட்டும் பொறுப்பும் அல்ல.

ஆகவே அந்த இரண்டு யோசனைகளுக்குப் பதிலாக இவற்றை வைக்கிறேன். ஒன்று, சம்பள நாள் பின்னேரம் தவறணைப் பாதையில் போகாமல் ஒன்றாக வீடு திரும்ப, விரும்பும் ஆண்கள் ஐந்தாறு பேராகச் சேரட்டும். கமிட்டி கூட நிற்கட்டும். இரண்டு, சிக்கிய ஒவ்வொரு பையனுக்கும் தொழில் பழக ஒரு இடமும், பொறுப்பாக ஒரு பெரியவரும் தேடுவோம். மூன்று, ஒருவர் மறுபடி வழுக்கினால் 'பார்த்தாயா' என்று சிரிக்காமல், எந்த நேரம், எந்த இடத்தில் வழுக்கியது என்று கேட்டு ஏற்பாட்டைத் திருத்துவோம். பலரும் விழுந்து எழுந்துதான் விடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பல வருடமாகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டர் சொல்படி நிறுத்த வையுங்கள். மனநல உதவிக்கு 1926.

கோயில் சுவர் அப்படியே இருக்கட்டும். அதில் எழுத வைத்திருந்த பெயர்களை நம்மில் ஆளுக்கொருவர் பொறுப்பெடுப்போம். முதல் பெயரை நான் எடுக்கிறேன்.